வாசகர் கேள்வி – பதில்: ஒலியை முந்தும்போது காற்றுக்கு என்ன நேர்கிறது?

சென்ற இதழில் இடைப்பருவக் காலத்து மின்னலைப் பற்றி எழுதியபோது, மின்னலைக் கண்ட கணத்திலிருந்து இடி கேட்கும் வரையுள்ள செக்கன்களை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீற்றர் தொலைவில் விழுந்தது என்பதை அறிந்துகொள்ளலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். ஆகவே மற்றைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இம்மாதப் பகுதி முழுவதையும் ஒலியின் வேகத்துக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஒலியின் வேகம் செக்கனுக்கு 330 மீற்றர் என்று ஒரு நூலிலும் 340 மீற்றர் என்று இன்னொரு நூலிலும் இருக்கிறது. எது சரி? நுவரெலியாவில் காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் அங்கே ஒலி மெதுவாகச் செல்லுமா?
– உயர்தர வகுப்பு மாணவி, கொட்டாஞ்சேனை

இரண்டும் சரியே, அவை இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகளுக்கு உரியவை. உலர்ந்த காற்றில் 0 பாகை செல்சியஸில் ஒலி செக்கனுக்கு 331 மீற்றர் செல்கிறது. 15 பாகையில் அது 340 ஆகவும், கொழும்பின் நண்பகல் வெப்பமான 30 பாகையில் 349 ஆகவும் உயர்கிறது. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடுகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் நகரத்துக் காற்றை விட்டு நீங்காத ஈரப்பதனும் இதனுடன் இன்னும் ஒன்றிரண்டு மீற்றரைச் சேர்க்கும். நீராவியின் மூலக்கூறு நைதரசன், ஒட்சிசன் மூலக்கூறுகளைவிட இலேசானது என்பதே அதற்குக் காரணம்.

நுவரெலியாவில் ஒலி சற்று மெதுவாகத்தான் செல்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தால் அல்ல, அங்கே குளிர் என்பதால். ஒலி செல்லும்போது காற்று இடம்பெயர்ந்து செல்வதில்லை. ஒரு மூலக்கூறு அடுத்ததை இடிக்க, அது தனக்கு அடுத்ததை இடிக்க, கைமாறிக் கைமாறிச் செல்லும் ஒரு செய்திதான் ஒலி. செய்தியைச் சுமப்பவர் எவ்வளவு விரைவாக ஓடுகிறாரோ, அவ்வளவு விரைவாகத்தான் அது போய்ச் சேரும். மூலக்கூறுகளின் ஓட்டத்தை நிர்ணயிப்பது வெப்பநிலை. மலையேறும்போது அமுக்கமும் அடர்த்தியும் ஒன்றாகவே குறைவதால், ஒன்றின் விளைவை மற்றையது ஈடுசெய்துவிடுகிறது. தரையிலிருந்து 11 கிலோமீற்றர் உயரத்தில், பயணிகள் விமானங்கள் பறக்கும் மட்டத்தில், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 56 பாகை அளவில் இருக்கும். அங்கே ஒலியின் வேகம் செக்கனுக்கு 295 மீற்றர், அதாவது மணிக்கு 1,062 கிலோமீற்றர் மட்டுமே. கொழும்பின் தரை மட்டத்தில் அதுவே மணிக்கு 1,256 கிலோமீற்றர். இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள்; பின்வரும் பதில்களுக்கு இது தேவைப்படும்.

நீங்கள் பௌதிகவியல் கற்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். 1687 இல் நியூட்டன் ஒலியின் வேகத்தைக் கணித்துப் பார்த்தபோது, அவருக்குக் கிடைத்த விடை உண்மையான அளவைவிட நூற்றுக்குப் பதினைந்து அளவில் குறைவாக இருந்தது. ஒலி செல்லும்போது காற்று நெருக்கப்பட்டாலும் அதன் வெப்பநிலை மாறுவதில்லை என்று அவர் எடுத்துக்கொண்டதே பிழை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதைக் கையால் தொட்டு உணர்ந்திருப்பீர்கள். காற்றை விரைவாக நெருக்கினால் அது சூடாகும். ஒலியின் ஒவ்வொரு அலையிலும் அதுவே நிகழ்கிறது. அந்தச் சூடு வெளியேறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1816 இல், பிரான்ஸ் நாட்டு லப்லாஸ் இதைக் கணக்கில் சேர்த்தபோதுதான் கணக்கும் அளவீடும் ஒத்துப்போயின.

ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறுவதைப் பொறுமையாக அளந்தவர்களின் வரிசையில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்த மதராஸ் வானாய்வு நிலையத்தின் வானியலாளர் ஜோன் கோல்டிங்ஹாம், புனித ஜோர்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையிலும் மாலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஒளியைக் கண்டதும் நேரத்தை எண்ணத் தொடங்கி, ஓசை வந்து சேர்ந்ததும் நிறுத்தி, அதனுடன் வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் திசை ஆகியவற்றையும் குறித்து, மாத வாரியாக அட்டவணை தயாரித்தார். 1823 இல் அது இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. ஒலியின் வேகம் பருவத்தோடு ஏறி இறங்குவது தமிழ்நாட்டு மண்ணில் வைத்துப் பதிவு செய்யப்பட்டது என்பதை எங்கள் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: ஒலியின் வேகத்தை எட்டும்போது விமானம் ஒரு சுவரில் மோதுவதுபோல் அதிரும் என்றும், அந்தச் சுவரை உடைக்கும் கணத்தில்தான் பெரிய வெடியோசை கேட்கும் என்றும் சொல்கிறார்கள். அப்படி ஒரு சுவர் உண்மையில் உண்டா?
– மட்டக்குளி வாசகர்

சுவர் என்று ஒன்று இல்லை. ஆனால் அந்தச் சொல் வெறும் கற்பனையிலிருந்து பிறக்கவுமில்லை. இதைப் புரிந்துகொள்ள நான் உங்களை முதலில் வெள்ளவத்தைக் கடற்கரைப் புகையிரதப் பாதைக்கு அழைத்துச் செல்கிறேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் புகையிரதம் ஊதிக்கொண்டே உங்களைக் கடந்து போகும்போது, அந்த ஊதலின் சுருதி சட்டென்று இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். சங்கீதம் தெரிந்தவர்கள், ஏறக்குறைய சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து சட்சத்துக்கு இறங்கியதுபோல என்பார்கள். வண்டி தன் முன்னே அனுப்பும் அலைகளைத் தானே துரத்திக்கொண்டு வருவதால், முன்பக்கத்தில் அலைகள் நெருங்கி விழுகின்றன. பின்பக்கத்தில் அவை விலகி விழுகின்றன. நெருக்கம் கூடினால் சுருதி உயரும், குறைந்தால் தாழும்.

இப்போது அந்த வண்டியின் வேகத்தை மனத்துக்குள் கூட்டிக்கொண்டே போங்கள். முன்னேயுள்ள அலைகளுக்கு இடையிலான தூரம் சுருங்கிக்கொண்டே வரும். வண்டியின் வேகமும் ஒலியின் வேகமும் சமமாகும்போது, அலைகளால் வண்டியை விட்டு முன்னே செல்ல முடியாது. எல்லா அலைகளும் அதன் மூக்கிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். ஒலி என்பது செய்தி என்று மேலே சொன்னேன். மெதுவாகச் செல்லும் விமானத்தின் முன்னே உள்ள காற்றுக்கு, விமானம் வருகிறது என்ற செய்தி முன்கூட்டியே கிடைக்கிறது. அது மெல்ல விலகி வழிவிடுகிறது. ஒலியின் வேகத்தில் வரும் விமானத்தைப் பற்றி அந்தக் காற்றுக்கு எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை. விமானம் வந்து இடித்த பின்னர்தான் அது விலகுகிறது. அந்த இடியில் காற்றின் அமுக்கமும் வெப்பநிலையும் அடர்த்தியும் ஒரு மில்லிமீற்றரைவிட மிகச் சிறிய தடிப்புக்குள் திடீரென்று தாவி உயர்கின்றன. அதைத்தான் அதிர்ச்சியலை என்கிறோம்.

‘சுவர்’ என்ற பேச்சு எழுந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். மேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்த போர் விமானங்கள் ஒலியின் வேகத்தை அண்மிக்கும்போது, இறக்கையின் வளைந்த மேற்பரப்பின் மேல் ஓடும் காற்று மட்டும் விமானத்தை முந்தி அந்த வேகத்தைக் கடந்துவிடும். அங்கே அதிர்ச்சியலைகள் தோன்றி, வால் பகுதியின் சுக்கான்கள் செயலற்றுப் போகும். விமானியின் கையிலிருந்த கட்டுப்பாட்டுத் தண்டு அசையாது. 1946 செப்டெம்பர் 27 அன்று, பிரித்தானிய விமானி ஜெஃப்ரி டி ஹவிலண்ட், தேம்ஸ் கழிமுகத்துக்கு மேலே தன் விமானம் சிதறி உயிரிழந்தார். ஒரு துப்பாக்கிச் சன்னம் ஒலியை முந்திப் பறப்பதை அன்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். 1887 இலேயே ஏர்ன்ஸ்ற் மாக்கும் பீற்றர் சல்ஹரும் அப்படிப் பறக்கும் சன்னத்தின் முன்னால் வில்லாய் வளைந்து நிற்கும் அதிர்ச்சியலையைப் புகைப்படமாக வெளியிட்டிருந்தார்கள். மனிதன் ஏறிச் செல்லும் விமானத்தால் அது முடியுமா என்பதுதான் எஞ்சியிருந்த கேள்வி.

விடை 1947 ஒக்டோபர் 14 அன்று கிடைத்தது. கலிபோர்னியாப் பாலைவனத்தின் மேலே, ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து விடுவிக்கப்பட்ட பெல் எக்ஸ்-1 என்ற ரொக்கெட் விமானத்தில், 24 வயதான சக் யேகர், ஏறத்தாழ 13 கிலோமீற்றர் உயரத்தில் மாக் 1.06 ஐ எட்டினார். ஒலியின் வேகத்தின் மடங்காக வேகத்தைச் சொல்வதே மாக் எண். 1 என்றால் ஒலியின் வேகம், 2 என்றால் அதன் இருமடங்கு. அந்த விமானத்தின் உடல், துப்பாக்கிச் சன்னத்தின் வடிவத்திலேயே அமைக்கப்பட்டிருந்தது. இரண்டு நாட்களுக்கு முன் குதிரையிலிருந்து விழுந்து இரண்டு விலா எலும்புகள் முறிந்திருந்ததை யேகர் அதிகாரிகளிடம் மறைத்துவிட்டார். வலியால் கதவைப் பூட்டக் கை எட்டாதென்று, தும்புத்தடியில் அறுத்த ஒரு துண்டை உள்ளே கொண்டுபோய் அதனால் நெம்பிப் பூட்டினார். வரலாற்றை மாற்றிய அந்தப் பறப்பில் என்னைக் கவர்வது இந்தத் தும்புத்தடியைவிட, வால் பகுதியில் செய்த ஒரு மாற்றம்: சுக்கானை மட்டும் அசைக்காமல், கிடையான வால் முழுவதையுமே சரித்துத் திருப்பும் ஏற்பாடு. சுவரைத் திறந்த சாவி அதுதான். இன்றுவரை ஒலியை முந்தும் போர் விமானங்கள் அந்த ஏற்பாட்டைப் பின்பற்றுகின்றன.

வெடியோசையைப் பற்றிய உங்கள் எண்ணத்தையும் திருத்த வேண்டும். அது ‘சுவர்’ உடையும் ஒரே கணத்தில் எழும் ஓசை அல்ல. பேரே வாவியில் கூழைக்கடா நீந்திச் செல்லும்போது, அதன் மார்பிலிருந்து இருபுறமும் விரிந்து செல்லும் கோட்டைக் கவனித்திருப்பீர்கள். பறவை நீந்தும் வரை அந்தக் கோடும் கூடவே வருகிறது. கரையோரத்தில் மிதக்கும் இலையைக் கோடு தொடும் கணத்தில் அந்த இலை ஒரு தடவை துள்ளுகிறது. நீரலைக்கும் ஒலியலைக்கும் நுணுக்கமான வேறுபாடுகள் உண்டென்றாலும், கண்ணுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒலியை முந்திப் பறக்கும் விமானம், தன் பின்னே விரியும் ஒரு கூம்பு வடிவ அதிர்ச்சியலையைப் பறக்கும் நேரம் முழுவதும் இழுத்துக்கொண்டே செல்கிறது. கூம்பின் விளிம்பு எந்த ஊரைத் தொடுகிறதோ, அந்த ஊருக்கு அந்தக் கணத்தில் ஒரு வெடியோசை கேட்கும்; மூக்கிலிருந்து ஒன்றும் வாலிலிருந்து ஒன்றுமாகப் பெரும்பாலும் இரட்டையாகவே கேட்கும். விமானிக்கு எதுவும் கேட்காது. 18 கிலோமீற்றர் உயரத்தில், மாக் 2 இல், தெற்கு நோக்கி ஒரு விமானம் கொழும்புக் கோட்டைக்கு மேலாகச் சென்றால், அதன் வெடியோசை கோட்டைப் புகையிரத நிலையத்தில் நிற்பவரின் காதை எட்டும்போது, விமானம் பாணந்துறையையும் கடந்து வாதுவையை அண்மித்திருக்கும்.

கேள்வி: தொண்ணூறுகளில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, குண்டு போட வரும் விமானங்களைச் ‘சுப்பர்சொனிக்’ என்றே சொல்வோம். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்க்கும் பக்கத்தில் அது இருக்காது. சில வேளைகளில் குண்டு விழுந்த பிறகுதான் இரைச்சலே கேட்கும். அவை உண்மையிலேயே ஒலியை முந்தித்தான் வந்தனவா?
– வெள்ளவத்தை வாசகர்

இந்தக் கடிதத்தை நான் பல முறை படித்தேன். பதுங்கு குழிக்குள் இருந்துகொண்டு காதால் மட்டும் வானத்தை அளந்தவர்களின் கேள்வி இது. இதற்கு மேலோட்டமாகப் பதில் எழுதக் கூடாது.

நீங்கள் வைத்த பெயர் தவறானதல்ல. அந்த ஆண்டுகளில் இங்கு பயன்படுத்தப்பட்ட எஃப்-7, கிபிர் ஆகிய இரு வகை விமானங்களும், உயரத்தில் சுமையின்றிப் பறக்கும்போது ஒலியின் இருமடங்கு வேகத்தை எட்டும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. ஆனால் குண்டுகளைச் சுமந்து தாழ்வாக வரும்போது இத்தகைய விமானங்கள் பொதுவாக ஒலியின் வேகத்துக்குக் கீழேதான் பறக்கின்றன. தாழ்வான காற்று அடர்த்தியானது. வெளியே தொங்கும் குண்டுகள் இழுவையைக் கூட்டும். அந்த உயரத்தில் ஒலியை முந்த முயன்றால் எரிபொருள் நிமிடக்கணக்கில் தீர்ந்துவிடும்.

அப்படியானால் நீங்கள் கண்டதும் கேட்டதும் என்ன? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விமானம் செக்கனுக்கு 250 மீற்றர், அதாவது மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் தாழ்வாக உங்களை நோக்கி வருகிறது என்று கொள்ளுங்கள். 5 கிலோமீற்றருக்கு அப்பால் அது எழுப்பிய இரைச்சல் உங்களை வந்தடைய ஏறத்தாழ 14 அல்லது 15 செக்கன்கள் ஆகும். அந்தத் தூரத்தை விமானம் கடக்க 20 செக்கன்கள் ஆகும். ஆக, சத்தம் உங்களுக்குக் கொடுத்த அவகாசம் ஐந்து அல்லது ஆறு செக்கன்கள். அந்த நேரத்துக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடக்க முடியுமா, முடியாதா என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். மரங்கள், கட்டடங்கள், எதிர்க்காற்று ஆகியவை குறுக்கிட்டால் அந்த அவகாசமும் குறையும். ஒலியை முந்தி வந்திருந்தால், அந்த ஐந்து செக்கன்களும் கிடைத்திருக்க மாட்டா.

சத்தம் வந்த பக்கத்தில் விமானம் இல்லாததற்கும் இதுவே விளக்கம். 3 கிலோமீற்றர் உயரத்தில், உங்கள் தலைக்கு நேர் மேலே அது இருந்தபோது எழுந்த ஓசை, கீழே வருவதற்கு ஏறத்தாழ 9 செக்கன்கள் எடுக்கிறது. அதற்குள் விமானம் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். காது சொல்வது பழைய இடம். கண் காட்டுவது புதிய இடம். சத்தம் வரும் பக்கத்தை விட்டு, அதற்கு வெகு முன்னே வானத்தைத் தேட வேண்டும் என்பதை எங்கள் சிறுவர்கள் எந்தப் பாடநூலும் சொல்லித்தராமலேயே கற்றுக்கொண்டார்கள். அவர்கள் அந்த வயதில் கற்றிருக்க வேண்டிய பாடம் அதுவல்ல.

கேள்வி: பூமி சுழல்வதால் கொழும்பில் சும்மா இருக்கும் நாங்களும் ஒலியைவிட வேகமாகச் சென்றுகொண்டிருக்கிறோம் என்கிறார் என் பேரன். இது சரியா?
– தெஹிவளை வாசகர்

பேரனின் எண்கணிதம் சரி. பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஏழு பாகை வடக்கே இருக்கும் கொழும்பு, பூமியின் அச்சைச் சுற்றி மணிக்கு 1,660 கிலோமீற்றர் அளவில் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது; இது ஒலியின் வேகத்தைவிட அதிகம். ஆனால் ஒலியை முந்துதல் என்பது காற்றை ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. எங்களைச் சுற்றியுள்ள காற்றும் அதே வேகத்தில் எங்களோடு சுழல்வதால், நாங்கள் அதற்குள் அசையாமல்தான் இருக்கிறோம். காற்று மட்டும் நின்றுவிட்டால் காலிமுகத்திடலில் ஒரு புல்லும் மிஞ்சாது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பிள்ளைகள் இலண்டனில் இருக்கிறார்கள். அங்கே போக இன்றும் பதினொரு மணித்தியாலம் ஆகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கொன்கோர்ட் பறந்ததே. ஏன் அந்த வேகம் எங்களுக்குக் கிடைக்காமலே போனது?
– பம்பலப்பிட்டி வாசகி

கொன்கோர்ட்டைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் ஒரு நெகிழ்ச்சி உண்டாகும். பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய அந்த விமானம் 1969 மார்ச் 2 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1976 ஜனவரி 21 அன்று பயணிகள் சேவையில் இறங்கியது. ஏறத்தாழ 18 கிலோமீற்றர் உயரத்தில், மாக் 2 ஐச் சற்றே கடந்த வேகத்தில், நூறு பேரை ஏற்றிக்கொண்டு, இலண்டனிலிருந்து நியூயோர்க்குக்கு மூன்றரை மணித்தியாலத்தில் சென்றது. 1996 பெப்ரவரி 7 அன்று நியூயோர்க்கிலிருந்து இலண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 செக்கன்களில் வந்து சேர்ந்தது. பறக்கும்போது காற்று நெருக்கப்படுவதால் அதன் மூக்கு நுனி 127 பாகை வரை சூடாகும். உலோக உடல் விரிந்து இருபது சென்ரிமீற்றர் அளவுக்கு நீளும். 1973 ஜூன் 30 அன்று, விஞ்ஞானிகளை ஏற்றிய பரிசோதனைக் கொன்கோர்ட் ஒன்று ஆபிரிக்காவின் மேலே சந்திரனின் நிழலைத் துரத்திச் சென்று, முழுச் சூரிய கிரகணத்துக்குள் 74 நிமிடங்கள் இருந்தது. தரையில் நின்றவர்களுக்கு அந்தக் கிரகணம் ஏழு நிமிடமளவே நீடித்தது.

ஆனாலும் உங்கள் பயணத்துக்கு அது உதவியிருக்காது. கொழும்புக்கும் இலண்டனுக்கும் இடையே ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். கொன்கோர்ட்டால் ஒரே மூச்சில் பறக்கக்கூடிய தூரம் 7,200 கிலோமீற்றர் அளவுதான். இடையில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும். எரிபொருளோ மிக அதிகம்: ஏறத்தாழ 95 தொன் கொள்ளும் தாங்கிகள், அமரும் பயணிகளோ நூறு பேர். இவற்றையெல்லாம் தாண்டி ஒரு காரணம் உண்டு. அதுதான் நான் முன்னர் சொன்ன கூம்பு.

18 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் வெடியோசை, அதன் பாதைக்கு இருபுறமுமாக ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் அகலமான ஒரு பட்டையில் கேட்கும். கொழும்பிலிருந்து திருகோணமலை வழியாக வங்கக் கடலுக்குள் ஒரு தடவை அவ்வாறு பறந்தால், எங்கள் தீவின் குறுக்கே உள்ள நகரங்களும் வயல்களும் மருத்துவமனைகளும் அந்தப் பட்டைக்குள் அகப்பட்டுவிடும். மக்கள் இதைத் தாங்குவார்களா என்று பார்ப்பதற்காக, 1964 இல் அமெரிக்க அரசு ஒக்லஹோமா நகரின் மேல் ஆறு மாத காலம், நாளுக்கு எட்டு வீதம், 1,253 வெடியோசைகளை வேண்டுமென்றே எழுப்பியது. முடிவில், இதனோடு வாழப் பழக முடியாது என்று நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். 1973 இல், பயணிகள் விமானங்கள் தரைக்கு மேல் ஒலியை முந்திப் பறப்பதை அமெரிக்கா தடை செய்தது. ஆசியாவிலும் இதே எதிர்ப்பு எழுந்தது. 1977 டிசெம்பரில் இலண்டனிலிருந்து பஹ்ரேன் வழியாகச் சிங்கப்பூருக்குக் கொன்கோர்ட் சேவை தொடங்கியது. மூன்று பயணங்களின் பின் மலேசியாவின் ஆட்சேபத்தால் நின்றது. 1979 இல் மீண்டும் தொடங்கி 1980 இல் நிரந்தரமாகக் கைவிடப்பட்டது. எஞ்சியது அட்லாண்டிக் சமுத்திரம் ஒன்றே. 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே நிகழ்ந்த விபத்துக்குப் பின் நிறுத்தப்பட்ட அந்தச் சேவை, 2001 இல் மீண்டும் தொடங்கினாலும் பழைய நிலைக்கு மீளவில்லை. 2003 இல் கொன்கோர்ட் ஓய்வுபெற்றது.

அந்தத் தடைகள் நியாயமானவை என்பது என் கருத்து. நூறு பேரின் சில மணித்தியாலங்களை மீதப்படுத்துவதற்காக, கீழேயுள்ள இலட்சக்கணக்கானோரைத் திடுக்கிட வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. யாழ்ப்பாணத்து விமானங்களைப் பற்றிய பதிலைப் படித்தவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவேதான் இப்போது நடக்கும் முயற்சிகளை ஆவலோடு கவனிக்கிறேன். 2025 ஜனவரி 28 அன்று ஒரு தனியார் நிறுவனத்தின் சிறிய சோதனை விமானமான எக்ஸ்பி-1 மாக் 1.1 ஐக் கடந்தது. போதிய உயரத்தில், மாக் 1 ஐச் சற்றே கடந்த வேகத்தில் சென்றால், கீழே வரவர வெப்பமாகும் காற்று அந்த அலையை மேல்நோக்கி வளைத்துவிடும். வெடியோசை தரையைத் தொடாது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகவும் சூடான காற்றில் விரைவாகவும் செல்கிறது என்று முதல் பதிலில் கண்டோமே, அதே விதிதான் இங்கும் உதவிக்கு வருகிறது. நாசாவின் எக்ஸ்-59 வேறு வழியில் செல்கிறது. மொத்த நீளமான முப்பது மீற்றரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீண்ட கூரான மூக்கினால், அதிர்ச்சியலைகள் ஒன்றுசேர விடாமல் பிரித்து, வெடியோசையைப் பக்கத்து வீட்டுக்காரர் கார்க் கதவை மூடும் ஓசை அளவுக்குத் தணிப்பது அதன் நோக்கம். 2025 ஒக்டோபர் 28 அன்று அது முதன்முறையாகப் பறந்தது.

கேள்வி: தண்ணீரிலும் இரும்பிலும் ஒலியின் வேகம் எவ்வளவு?
– வத்தளை வாசகர்

நன்னீரில், அறை வெப்பநிலையில், செக்கனுக்கு ஏறத்தாழ 1,480 மீற்றர். எங்கள் வெப்பக் கடல் நீரில் 1,540 அளவில். உருக்கில் 5,000 மீற்றருக்கு மேல். 1826 இல் ஜெனீவா ஏரியில், நீருக்குள் மணியை அடித்த அதே கணத்தில் மேலே வெடிமருந்தைக் கொளுத்தி, அந்த ஒளிக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு நீரில் ஒலியின் வேகத்தைக் கண்டறிந்தார்கள். உருக்கின் வேகத்தை நான் நேரிலேயே உணர்ந்திருக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு காலைப் பொழுதில், நேரான பாதையின் தொலைவில், பாதை திருத்தும் தொழிலாளர் ஒருவர் தண்டவாள இணைப்பைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் விழுவது தெரிந்த கணத்திலேயே என் காலடியில் இருந்த தண்டவாளம் மெல்லியதாக ‘ணிங்’ என்றது. அவர் சுத்தியலை மறுபடி தலைக்கு மேல் உயர்த்திவிட்ட பிறகுதான் அந்த அடி காற்றுவழி வந்து என் காதில் விழுந்தது. ஒரே அடி, இரண்டு ஓசைகள். தயவுசெய்து யாரும் இதைக் கேட்பதற்காகத் தண்டவாளத்தில் காதை வைக்க வேண்டாம், வண்டி வரும்.

கேள்வி: கருவிகள் எதுவுமில்லாமல் ஒலியின் வேகத்தை எங்கள் பாடசாலையிலேயே அளந்து பார்க்க முடியுமா?
– பத்தாம் தர மாணவன், மருதானை

முடியும். ஒரு நாடாவும் நிறுத்தற் கடிகாரமுள்ள ஒரு கைபேசியும் போதும். காலையில் பாடசாலை தொடங்குவதற்கு முன், சுற்றுப்புறம் அமைதியாக இருக்கும்போது, பெரிய கட்டடமொன்றின் வெறுஞ்சுவரிலிருந்து சரியாக 60 மீற்றர் அளந்து நில். ஒரு தடவை கைதட்டு, எதிரொலி திரும்பிவரும். பிறகு சீரான தாளத்தில் தட்டிக்கொண்டே போ. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நட்டநடுவில் எதிரொலி விழும்படி தாளத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய். தட்டும் எதிரொலியும் மாறி மாறி, மிருதங்கத்தின் இரு முகங்கள்போலச் சம இடைவெளியில் கேட்கும்போது தாளம் அமைந்துவிட்டது என்று அறியலாம். சுவருக்குப் போய்த் திரும்ப 120 மீற்றர். தட்டுகளுக்கு இடைப்பட்ட நேரம் அதன் இருமடங்கு என்பதால், ஒவ்வொரு இடைவெளியிலும் ஒலி 240 மீற்றர் செல்லக்கூடிய நேரம் கழிகிறது. இருபது இடைவெளிகளுக்கு 4,800 மீற்றர். அந்த இருபதையும் உன் நண்பன் கைபேசியில் அளக்கட்டும். ஏறத்தாழ 13.8 செக்கன்கள் வந்தால், 4,800 ஐ அதனால் வகுத்துப் பார். செக்கனுக்கு 348 மீற்றர் கிடைக்கும். அன்றைய வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, மேலே முதல் பதிலில் உள்ள அளவுகளோடு ஒப்பிடு.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. நண்பன் கடிகாரத்தை அழுத்தும் அந்த முதல் தட்டைப் ‘பூச்சியம்’ என்று எண்ணத் தொடங்கு. ‘ஒன்று’ என்று தொடங்கினால், இருபது என்று சொல்லி நிறுத்தும்போது கழிந்திருப்பது பத்தொன்பது இடைவெளிகள்தான். விடை நூற்றுக்கு ஐந்து பிழைத்துவிடும்.